சூப்பர்சார்ஜர் மினிக்கு எந்த இன்ரேக்? எங்கள் யாழ்ப்பாணத்து வெக்கையும் புழுதியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பச்சை_மினி (திருநெல்வேலி)

வணக்கம். கனகாலமாக ஆசைப்பட்ட கார் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. 2005 மினி கூப்பர் எஸ், ஆர்53. 1.6 லீற்றர் எஞ்சின், ஈற்றன் எம்45 சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் பம்ப்), 170 குதிரைவலு. கொழும்பில் நின்ற கார். முன்பு வைத்திருந்தவர் எயார் பில்ற்றர் பெட்டியின் மூடியை எப்போதோ உடைத்து, கறுப்பு ரேப் சுற்றிச் சமாளித்திருக்கிறார். ஆகவே மாற்றத்தான் வேண்டும். இன்ரேக், அதாவது எஞ்சினுக்குக் காற்று எடுக்கிற பில்ற்றரும் பெட்டியும் குழாயும், எதைப் போடுவது என்பதுதான் கேள்வி.

லண்டனில் இருக்கும் மச்சான் திறந்த கோன் (கூம்பு) பில்ற்றர் கிற் ஒன்று அனுப்பத் தயார். ஒயில் பூசிய பருத்தி, பக்கத்தில் மறைப்புக்கு ஒரு அலுமினியத் தகடு. ஜோன் கூப்பர் வேர்க்ஸ் காருக்கு வந்த பாவித்த பெட்டி ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறார், அது கோனைவிட விலை கூட. இரண்டும் வேண்டாமென்றால் கொழும்பில் கார் உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையில் சாதாரணப் பெட்டியைத் தேடிப் பிடித்து, புதுக் கடதாசி பில்ற்றர் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கலாம்.

கிழமை நாட்களில் பருத்தித்துறைக்கு வேலைக்குப் போகிறேன், வல்லை வெளியால். இடைக்கிடை ஏ9இல் கொழும்பு. ரேஸ் ஓடும் எண்ணமில்லை. ஆனால் உருட்டிக்கொண்டு திரியவும் இந்தக் காரை வாங்கவில்லை.

விசில்_பிரியன் (நெல்லியடி)

கோனைப் போடுங்கள், கதை முடிந்தது. எம்45இன் அழகே அந்த ஊளைச் சத்தம்தான். சூப்பர்சார்ஜர் காரை வாங்கிவிட்டு அதன் சத்தத்தைப் பெட்டிக்குள் அடைப்பது, நல்லூர்த் திருவிழாவில் தவில்காரருக்கு முன்னால் நின்றுகொண்டு காதைப் பொத்துகிற மாதிரி.

என்னிடம் இருப்பது ஏஈ101 லெவின், 4ஏ-ஜீஸெட்ஈ எஞ்சின். அதிலும் கோன்தான். மிதித்தவுடன் வித்தியாசம் தெரியும்.

சோளகம் (அரியாலை)

வித்தியாசம் காதுக்குத் தெரிகிறதா, காருக்குத் தெரிகிறதா?

ஆனி ஆடியில் பின்னேரம் செம்மணி வெளியால் ஒருதரம் போய்ப் பாருங்கள். சோளகக் காற்று அடித்தால் முன்னால் போகிற மோட்டார்சைக்கிள் புழுதிக்குள் மறைந்துவிடும். வல்லை வெளியும் அப்படித்தான், மேலதிகமாக உப்புக் காற்று. அந்தக் காற்றைத் திறந்த பில்ற்றரால் குடிக்கவிட்டால், பெட்டியும் அதற்குக் காற்றுக் கொண்டுவருகிற மூக்குக் குழாயும் முதலிலேயே கீழே விழுத்திவிடுகிற பெரிய மணலெல்லாம் நேராகப் பருத்தியில் போய் ஒட்டும். அதோடு ஒயில் பூசின பில்ற்றர், காற்றை அளக்கிற மாஃப் சென்சரைக் கெடுக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

ஸ்காபரோ_சித்தப்பா (ரொறன்ரோ)

சோளகம், புழுதி பற்றிச் சொன்னது சரி. ஆனால் ஆர்53இல் மாஃப் சென்சரே கிடையாது. அது உள்ளே வரும் காற்றை நேராக அளப்பதில்லை, அழுத்தத்தையும் வெப்பநிலையையும் பார்த்துக் கணக்குப் போடுகிற கார். ஆகவே இந்தக் காரைப் பொறுத்தவரை அந்தப் பயம் தேவையில்லை. அளவுக்கு மிஞ்சி ஒயில் ஊற்றினால், காற்றைத் திறந்து மூடுகிற த்ரொட்டிலிலும் சூப்பர்சார்ஜர் வாயிலும் பிசுக்குப் பிடிக்கும், அது வேறு கதை.

நான் இங்கே ஒரு ஆர்53 வைத்திருந்தேன். பெட்டிகளைப் பற்றி நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

அறிவியல்நகர் (கிளிநொச்சி)

சத்தம், புழுதி இரண்டையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, பலம் எங்கே போகிறது என்று பார்ப்போம்.

எம்45, இரண்டு றோட்டர் சுற்றிக் காற்றைத் தள்ளுகிற ரூட்ஸ் வகை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய முக்கால் லீற்றர் காற்றை அள்ளி அந்தப்பக்கம் தள்ளும். அள்ளுகிற கன அளவு மாறாது. அந்தக் கன அளவுக்குள் எத்தனை கிராம் காற்று இருக்கிறது என்பதுதான் மாறும். அதைக் குறைக்க இரண்டு விஷயங்களால் முடியும்: வாயில் தடை இருந்தால் அழுத்தம் குறையும், காற்று சூடாக இருந்தால் அடர்த்தி குறையும்.

தடையை எடுப்போம். வளிமண்டல அழுத்தத்தைத் தண்ணீர் உயரத்தில் சொன்னால் ஏறக்குறைய 1030 சென்ரிமீற்றர். ஆகவே இன்ரேக்கில் 10 சென்ரிமீற்றர் தண்ணீர் அளவு தடை இருந்தால் ஒரு வீதம் காற்றுப் போச்சு. 30 சென்ரிமீற்றர் என்றால் 3 வீதம், 170இல் ஐந்து குதிரை.

இப்போது வெக்கை. கெல்வின் கணக்கில் 35 பாகை என்பது 308. அது 10 பாகை ஏறினால் அடர்த்தி 3 வீதம் இறங்கும். அதாவது 10 பாகை வெக்கை கூடினால் போகிற காற்று, 30 சென்ரிமீற்றர் தண்ணீர்த் தடையால் போகிற காற்றுக்குச் சமம். போனற்றுக்குள் 60 பாகைக் காற்றைக் குடிக்கிற கோன், வெளியில் இருந்து 35 பாகைக் காற்றைக் குடிக்கிற பெட்டியைவிட ஏழரை வீதம் பின்னால் நிற்கிறது. பில்ற்றரில் தடையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் அதை ஈடுகட்ட முடியாது.

அதோடு முடியவில்லை. சூப்பர்சார்ஜர் காற்றை அமுக்கும்போது சூடாக்கும். ரூட்ஸ் வகை இதில் கொஞ்சம் மோசம். அழுத்தம் 1.8 மடங்கு, திறன் 55 வீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 35 பாகையில் உள்ளே போன காற்று 135, 140 பாகையில் வெளியே வரும். 60இல் போனது 170ஐத் தொடும். உள்ளே 25 பாகை கூடினால் வெளியே 33 பாகை கூடுகிறது. அமுக்கின காற்றைக் குளிர்விக்கிற இன்ரர்கூலர் அதில் ஒரு பங்கைத்தான் இறக்கும். மிச்சச் சூட்டில் எஞ்சின் நொக் அடிக்கப் பார்க்கும் (பெற்றோல் கலவை தானாக வெடிப்பது), எஞ்சினை ஆளும் கணினியான ஈ.சி.யு. தீப்பொறி ரைமிங்கைப் பின்னால் இழுக்கும், பலம் இன்னும் இறங்கும். 95 ஒக்ரேன் பெற்றோல் கிடைக்காத நாளில் 92 அடித்துவிட்டு மத்தியானம் ஏ9இல் முந்தப் பார்த்தீர்கள் என்றால் இது வடிவாக விளங்கும்.

விசில்_பிரியன் (நெல்லியடி)

தம்பி, கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் கிற்றோடு தகடு மறைப்பு வருகிறதே, அதை ஏன் கணக்கில் எடுக்கவில்லை? ஓடும்போது முன்னாலிருந்து காற்று அடிக்கும், கோனுக்கு நல்ல காற்றுக் கிடைக்கும். காரை நிறுத்தி வைத்துத் தேர்மோமீற்றர் பிடித்தால் எல்லாம் சூடாகத்தான் இருக்கும்.

அறிவியல்நகர் (கிளிநொச்சி)

ஓடும்போது நிலைமை நல்லாகும் என்பது உண்மைதான் அண்ணை. ஏ9இல் ஒரே சீராக 70இல் போனால் கோனுக்கும் பெட்டிக்கும் இடையில் வெப்பநிலை வித்தியாசம் அவ்வளவு இராது. பிரச்சினை நின்று எழும்பும் ஓட்டத்தில். கஸ்தூரியார் வீதியில் ஊர்ந்து, ஆஸ்பத்திரிச் சந்தியில் நின்று, பிறகு கோப்பாய்ப் பக்கம் வெளிக்கும் இடத்தில் மிதிக்கிறீர்கள். அந்த நேரம் கோனைச் சுற்றி நிற்பது றேடியேற்றர் விசிறி தள்ளிய காற்று. தகடு, கொதிக்கிற எஞ்சினின் வெப்பக் கதிர்வீச்சைத் தடுக்கும். ஆனால் மேலும் கீழும் திறந்திருந்தால் சூடான காற்றை மறிக்காது.

முழுக்க மூடிய பெட்டிக்குள் கோன், அதற்கு வெளியிலிருந்து தனிக் குழாய் என்றால் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. அது நல்ல இன்ரேக். கோன் என்ற உருவத்தோடு எனக்குக் கோபமில்லை.

லான்ட்மாஸ்ரர் (சுன்னாகம்)

பிள்ளைகள் கதைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கு எனக்கு அவ்வளவு வராது. புழுதி தெரியும்.

எங்கள் செம்மண் தோட்டத்தில் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் உழும்போது அதன் எயார் கிளீனரைப் பார்த்திருப்பீர்கள். அடியில் ஒயில் நிற்கிற கோப்பை. காற்று அந்த ஒயிலில் மோதித் திரும்பிப் போகும், புழுதி ஒயிலில் தங்கும். உழவு நாட்களில் கோப்பையைக் கழற்றினால் ஒயில் என்று ஒன்றே இராது, சிவப்புச் சேறுதான். கவனிக்காமல் விட்டவனின் எஞ்சின் பிஸ்ரன் றிங் தேய்ந்து, நீலப் புகை விட்டு, அடுத்த போகத்துக்கு முன்னம் கழற்ற வந்துவிடும். மண்ணுக்குள் இருக்கிற சிலிக்கா இரும்பையே அரிக்கும்.

உங்கள் சூப்பர்சார்ஜருக்குள் இரண்டு றோட்டர் ஒன்றையொன்று தொடாமல் மயிரிழை இடைவெளியில் சுற்றுகின்றன. அவற்றின் மேல் பூச்சு இருக்கும். அந்த இடைவெளிக்காகத்தான் பூச்சு. புழுதி அதைத் தின்றால் இடைவெளி கூடும், அமுக்கின காற்று பின்னால் கசியும், பூஸ்ட் இறங்கும். பில்ற்றரில் சேமித்த காசு அங்கே போகும்.

கடதாசி பில்ற்றரைப் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. புதிதில் பிடிப்பதைவிடக் கொஞ்சம் புழுதி படிந்த பிறகு அது இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஆகவே கிழமைக்குக் கிழமை கழற்றி கொம்பிரசரால் ஊதாதீர்கள். கிட்டப் பிடித்து ஊதினால் கடதாசியில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். விளிம்பு றப்பரும் கெடும். எல்லாக் கராஜிலும் செய்கிற வேலை இது, சேவிஸ் என்று காசும் வாங்குவார்கள். கறுத்துப் போனால் புதிது வாங்கிப் போடுங்கள். வேம்புக்குக் கீழே நிறுத்துகிறவர்கள் சித்திரை வைகாசியில் பெட்டியைத் திறந்து பூவைக் கொட்டினால் போதும்.

இன்னொன்று. எந்தப் பில்ற்றர் போட்டாலும் கொஞ்ச நாள் ஓடிவிட்டு, பில்ற்றருக்கும் த்ரொட்டிலுக்கும் இடையில் உள்ள குழாயைக் கழற்றி உட்சுவரை வெள்ளைத் துணியால் துடையுங்கள். எங்கள் மண்ணுக்கு ஒரு நல்ல குணம், நிறத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். துணி சிவந்தால் பில்ற்றரோ அதன் விளிம்போ புழுதியை விடுகிறது. நீங்கள் சொன்ன ரேப் சுற்றின மூடியில் இப்பவே துடைத்துப் பாருங்கள் தம்பி.

பச்சை_மினி (திருநெல்வேலி)

துடைத்தேன் ஐயா. நல்ல செங்கல் நிறம். கார் இங்கே வந்து கொஞ்ச நாள்தான். மனம் கேட்கவில்லை, பஞ்சிகாவத்தையில் சாதாரணப் பெட்டி ஒன்று சொல்லியாயிற்று, பஸ்ஸில் வருகிறது. கடைசி முடிவு எதுவானாலும் அதுவரைக்கும் ரேப்போடு ஓட மாட்டேன்.

நோட்_காரன் (மானிப்பாய்)

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது ஜப்பானில் இருந்து வந்த நிசான் நோட், ஈ12, மூன்று சிலிண்டர் 1.2 எச்ஆர்12டிடிஆர், சூப்பர்சார்ஜர் உள்ளது. 98 குதிரை. இதற்கும் நல்ல பில்ற்றர் போட்டால் ஏதாவது கிடைக்குமா?

அறிவியல்நகர் (கிளிநொச்சி)

உங்கள் காரில் சூப்பர்சார்ஜருக்கு மின்காந்தக் கிளச் இருக்கிறது. மெதுவாக ஓடும்போது அது கழன்றே நிற்கும், எஞ்சின் சும்மா மூச்சு விடும். எரிபொருள் மிச்சம் பிடிக்கச் செய்த கார் அது. நல்ல கடதாசி பில்ற்றர் போட்டு, காலத்துக்கு மாற்றுங்கள். அது நேரடியாகச் சிலிண்டருக்குள் பெற்றோல் அடிக்கும் எஞ்சின் என்பதால் வால்வைப் பெற்றோல் கழுவாது, கரி பிடிக்கும். கையில் காசு இருந்தால் அதைச் சுத்தம் செய்வதற்கு வையுங்கள்.

சோளகம் (அரியாலை)

லான்ட்மாஸ்ரர் ஐயா, மண்ணெண்ணெய்க் காலத்தில் நீங்கள் கராஜில் நின்றீர்களா? அப்பா சொல்லுவார், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடினதென்று.

லான்ட்மாஸ்ரர் (சுன்னாகம்)

ஓடினதுதான். போர்க்காலப் பொருளாதாரத் தடை, பெற்றோலைச் சின்னப் போத்தலில் மருந்து மாதிரி விற்ற காலம். காபுரேற்றருக்குள் பெற்றோல் சொட்டு விட்டு எழுப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பாருங்கள், அந்த வேலைக்குச் சூடான காற்றுத்தான் வேண்டும், குளிர்ந்தால் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால் தாங்கியது. தம்பி சொல்கிற நொக் அப்போதும் இருந்தது, மேட்டில் ஏறும்போது கல் உடைகிற சத்தம் கேட்கும். யாழ்ப்பாணத்தில் மேடு குறைவு, அது எங்கள் அதிர்ஷ்டம்.

சரி, மினிக்கு வாருங்கள்.

ஸ்காபரோ_சித்தப்பா (ரொறன்ரோ)

பெட்டிகளைப் பற்றி.

ஆர்53இன் சாதாரணப் பெட்டி எஞ்சின் அறையின் பின்மூலையில், கண்ணாடிக்குக் கீழுள்ள காவுல் சுவரோடு ஒட்டி இருக்கும். ஈ.சி.யு.வும் அதே மூலையில். முன்பக்கக் கிரில்லில் இருந்து ஒரு மூக்குக் குழாய் அங்கே வரைக்கும் காற்றைக் கொண்டுவருகிறது. குழாய் ஒடுக்கம். எல்லாரும் குறை சொல்வது அதைத்தான், பில்ற்றரை அல்ல. ஜோன் கூப்பர் வேர்க்ஸ் பெட்டியில் அதற்குப் பரிகாரமாக ஒரு கதவு வைத்தார்கள். எஞ்சின் உயர் சுற்றுக்குப் போகும்போது கதவு திறந்து காவுல் பக்கத்திலிருந்தும் காற்று எடுக்கும். அப்போது சத்தமும் மாறும், விசில்_பிரியனுக்கே பிடிக்கும். ஆனால் வெறும் பெட்டியை மட்டும் வாங்கினால் கதவை இயக்க உங்கள் காரில் ஒன்றும் இராது. மச்சானிடம் சொல்லி, கதவை இயக்கும் உறுப்புகளும் வயரும் சேர்த்து வருகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் காசு வீண்.

சில பேர் சாதாரணப் பெட்டியின் பின்சுவரை வெட்டிக் காவுலுக்குத் திறந்துவிடுவார்கள். மலிவு, வேலை செய்யும். நானும் இங்கே அப்படித்தான் ஓடினேன்.

இன்ரேக்குக்குச் செலவழிக்க முன்னம் இன்ரர்கூலரைப் பாருங்கள் என்பது என் கருத்து. அது எஞ்சினுக்கு மேலே படுத்திருக்கிறது, போனற் ஸ்கூப்பால் வருகிற காற்று மட்டும்தான் அதைக் குளிர்விக்கும். இரண்டு பக்கமும் உள்ள றப்பர் பூட் வெடித்தால் பூஸ்ட் கசியும். செதில்களுக்குள் புழுதியும் பூச்சியும் அடைத்திருக்கும், உட்புறம் ஒயில் படிந்திருக்கும். ஸ்கூப்புக்கும் இன்ரர்கூலருக்கும் இடையில் ஒரு றப்பர்ச் சுற்று உண்டு. போனற்றைப் பெயின்ற் அடிக்கக் கழற்றினவர்கள் திருப்பிப் போட மறந்துவிடுவார்கள், அது இல்லாவிட்டால் காற்று ஓரத்தால் நழுவிப் போய்விடும்.

சூப்பர்சார்ஜரின் கியர் ஒயிலையும் விட்டுவிடாதீர்கள். இந்தக் காரில் தண்ணீர்ப் பம்பைச் சுற்றுவதும் சூப்பர்சார்ஜரின் பின் கியர்தான். அது காய்ந்து தேய்ந்தால் பூஸ்ட் மட்டுமில்லை, எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீரும் நின்றுவிடும். உங்கள் ஊர் வெக்கையில் அது எவ்வளவு கெதியாக முடியும் என்று சொல்லத் தேவையில்லை.

சோளகம் (அரியாலை)

சித்தப்பா, காவுலுக்குத் திறப்பது ரொறன்ரோவுக்குச் சரி. இங்கே ஐப்பசி கார்த்திகையில் கண்ணாடியில் விழுகிற மழை முழுக்க அந்தக் காவுலுக்குள்ளால்தான் வடியும். வடிகால் ஓட்டையில் வேப்பிலை அடைத்தால் அங்கே குளமே நிற்கும். 2024 கார்த்திகைக் கடைசியில் பெய்த மழையில் எங்கள் ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர். அந்தக் கிழமை ஒரு கார் தண்ணீரை உறிஞ்சி, பிஸ்ரனைத் தாங்குகிற கொன்ரொட் வளைந்து, கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். முன்பம்பருக்குக் கீழே தலைகீழாகத் தொங்குகிற குளிர்காற்று இன்ரேக் போட்டிருந்த கார். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது.

பச்சை_மினி, தாழ இருந்து காற்று எடுக்கிற எதையும் வாங்காதீர்கள். தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் திருப்பிச் சாவி போடவும் வேண்டாம்.

அறிவியல்நகர் (கிளிநொச்சி)

புதுப் பெட்டி வந்ததும் அளந்து பாருங்கள், ஊகத்தில் காசு போட வேண்டாம். அழுத்தம் அளக்கிற தண்ணீர்க் குழாய் மனோமீற்றருக்கு இரண்டு மூன்று மீற்றர் தெளிவான பிளாஸ்ரிக் குழாய் போதும். அரைவாசி தண்ணீர், இரண்டு சொட்டுச் சிவப்பு மை, யூ வடிவில் ஒரு பலகையில் கட்டுங்கள். ஒரு முனை காற்றுக்குத் திறந்து, மற்ற முனை பில்ற்றருக்குப் பின்னால் பெட்டியில் ஒரு சிறு துளைக்கு. நடுவில் ஒரு வெற்றுப் போத்தலை வையுங்கள், தண்ணீர் இழுபட்டாலும் எஞ்சினுக்குப் போகாது. தண்ணீர் துள்ளினால் குழாயைக் கிளிப்பால் கொஞ்சம் நெரியுங்கள்.

ஆளில்லாத நேரம், பக்கத்தில் ஒருவரை இருத்தி, முதல் கியரில் சிவப்புக் கோடு வரை முழு மிதி. இந்தக் காரில் அது 70க்குள் முடிந்துவிடும், பொலிஸுக்கும் வேலையில்லை. இரண்டு பக்கத் தண்ணீருக்கும் உள்ள உயர வித்தியாசத்தைப் பாருங்கள். பிறகு அதே துளையைப் பில்ற்றருக்கு முன்னால் போட்டு இன்னொரு தரம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பில்ற்றர் தின்பது.

வெப்பநிலைக்கு, காரின் கணினியில் செருகிப் படிக்கிற ஓபிடி கருவியை நம்பாதீர்கள். இந்தக் காரின் சென்சர் இன்ரர்கூலருக்குப் பின்னால் இருக்கிறது, பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. வயரோடு வரும் மலிவுத் தேர்மோமீற்றர் ஒன்றைப் பெட்டிக்குள் விடுங்கள்.

பச்சை_மினி (திருநெல்வேலி)

பெட்டி வந்து, அளந்தும் ஆயிற்று. துளைக்குச் சொட்டுநீர்ப் பாசன இணைப்பு ஒன்று அச்சொட்டாகப் பொருந்தியது, தோட்டக்காரர் யாரிடமும் கேட்கலாம்.

பில்ற்றருக்குப் பின்னால் முழு மிதியில் 30 சென்ரிமீற்றருக்குக் கிட்ட. பில்ற்றருக்கு முன்னால் அளந்தால் அதில் நாலு, ஐந்துதான் குறைகிறது. மிச்சம் முழுக்க மூக்குக் குழாயில்.

வெக்கை: நகரத்துக்குள் ஊரும்போது போனற்றுக்குள் தொங்கவிட்ட வயர் 60ஐத் தாண்டியது. பெட்டிக்குள் 45க்குப் பக்கத்தில் நின்றது. இருபாலை தாண்டி ஓட்டம் எடுத்ததும் பெட்டிக்குள் வெளிக்காற்றுக்குக் கிட்ட இறங்கிவிட்டது.

அறிவியல்நகர் (கிளிநொச்சி)

அப்படியென்றால் எவ்வளவு விலை கூடின பில்ற்றர் போட்டாலும் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது அரை வீதம். ஒரு குதிரைக்கும் குறைவு. மூக்குக் குழாயின் தடையைப் பாதியாக்கினால் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். குழாயின் முன்வாயைப் பாருங்கள், கிரில்லுக்குப் பின்னால் எங்காவது நசிந்திருக்கிறதா, இலை அடைத்திருக்கிறதா என்று. பெட்டியோடு சேரும் இடத்தில் இடைவெளி இருந்தால் அங்கே சூட்டுக் காற்று நுழையும், அதை மூடுங்கள்.

விசில்_பிரியன் (நெல்லியடி)

அரை வீதம், ஒரு வீதம். நான் சொன்ன சத்தத்துக்கு ஒருவரும் வீதம் போடவில்லை.

உண்மையாகத்தான் கேட்கிறேன். இவர் தினம் ஓடப்போகிற கார். ஒரு குதிரை கூடினதோ குறைந்ததோ யாருக்கும் தெரியப்போவதில்லை. கேட்டால் சந்தோஷமாக இருக்கிறதென்றால் அதுவும் ஒரு காரணம்தானே?

பச்சை_மினி (திருநெல்வேலி)

காரணம்தான் அண்ணை, நான் மறுக்கவில்லை. ஆனால் துணியில் பார்த்த சிவப்பு கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

என் முடிவு இது. சாதாரணப் பெட்டி, கடதாசி பில்ற்றர். பில்ற்றர் விளிம்பு றப்பரில் மெல்லிய கிறீஸ் பூச்சு. மூக்குக் குழாயின் முன்வாய் நசிந்துதான் இருந்தது, சூடாக்கி நிமிர்த்தியாயிற்று, அளந்ததில் ஒரு 8 சென்ரிமீற்றர் மிச்சம். காவுல் பக்கம் வெட்டவில்லை, மாரிக்கு முன் வெட்ட மாட்டேன். மச்சானிடம் கோன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அந்தக் காசுக்கு இன்ரர்கூலர் பூட் இரண்டும் சூப்பர்சார்ஜர் ஒயிலும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஜோன் கூப்பர் பெட்டி கதவு உறுப்புகளோடு கிடைத்தால் தை மாதத்துக்குப் பிறகு யோசிக்கலாம். வல்லை வெளியில் பெட்டிக்குள்ளாலேயே ஊளை கேட்கத்தான் செய்கிறது, கண்ணாடியை இறக்கிவிட்டால்.

ஸ்காபரோ_சித்தப்பா (ரொறன்ரோ)

ஸ்கூப்புக்குக் கீழே சுற்று இருந்ததா?

பச்சை_மினி (திருநெல்வேலி)

இல்லை சித்தப்பா, நீங்கள் சொன்னபடியே. பசை அடையாளம் மட்டும் இருக்கிறது. போனற் ஒருதரம் பெயின்ற் பார்த்ததுதான். ஸ்ரான்லி வீதியில் இரண்டு கடையில் கேட்டேன், மெத்தைக்கு வைக்கிற ஸ்பொஞ்ச் பட்டையைக் காட்டுகிறார்கள். அது தாங்குமா?

லான்ட்மாஸ்ரர் (சுன்னாகம்)

தாங்காது. வெக்கையில் பொரிந்து உதிரும், உதிர்ந்த தூள் இன்ரர்கூலர் செதிலுக்குள் போய் அடைக்கும், நீங்கள் கழுவினது வீண்.

டொல்பின் வானின் கதவு றப்பர் கேளுங்கள், உள்ளே வெறுங்குழாய் மாதிரி இருக்கும் வகை. நாலைந்து அடி போதும். மூலையில் இணைப்பு வைக்காதீர்கள், நேர்ப் பக்கத்தில் வருகிற மாதிரி அளந்து வெட்டுங்கள். ஒட்டிவிட்டுச் சுற்றிவர நாலு இடத்தில் கடதாசித் துண்டு வைத்துப் போனற்றை மூடி இழுங்கள். எல்லாத் துண்டும் இறுகினால் சரி. ஒன்று லேசாக வந்தால் அந்த இடத்துக்கு இன்னொரு கீலம் வையுங்கள். வழுக்கி வருமென்றால் சுன்னாகத்துக்குக் கொண்டுவாருங்கள், என்னிடம் பழைய றப்பர் துண்டு கிடக்கிறது.